எலக்ட்ரானிக் டார்கெட்: வேலூர் வெயிலில் ஓட்டிப் பார்த்த பிறகு

அடித்த ஷாட் எங்கே விழுந்தது என்று தானே அளந்து திரையில் ஸ்கோர் காட்டுவது எலக்ட்ரானிக் டார்கெட். அதை வாங்கலாமா என்று கேட்கும் துப்பாக்கி சுடும் கிளப்புகளுக்கு நேரடியான பதில் இதுதான். 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் லேன்களுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் டார்கெட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எர்த் பிட் (மின் எர்த் கம்பி புதைத்த குழி), யூபிஎஸ், மேற்குச் சுவர் மூன்றையும் சரிசெய்துவிட வேண்டும். 50 மீட்டருக்கு அவசரப்பட வேண்டாம். காரணங்கள் கீழே. இங்கே பேசுவது மைக் வைத்துச் சத்தத்தால் அளக்கும் வகையைப் பற்றி. ஒளிக்கதிரால் அளக்கும் ஒளித்திரை வகையைப் பற்றி இடையில் கொஞ்சம்.

முதலில் லாபக் கணக்கு. மேட்ச் என்றால் 60 ஷாட். அட்டைக்கு ஒரு ஷாட் வீதம் 20 பேருக்கு 1200 அட்டை, சைட்டர் (ஸ்கோரில் சேராத முன்னோட்ட ஷாட்) தனி. கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் பிளக் கேஜ் என்ற அளவுகோலை விட்டுப் பார்க்க ஆள் வேண்டும். அப்படிப் பார்த்தாலும் 10-ஆ 9-ஆ என்றுதான் தெரியும், 10.2-ஆ 10.7-ஆ என்று தெரியாது. ஏர் ரைபிளில் தகுதிச் சுற்றே தசம ஸ்கோரில் நடக்கிறது, ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9 வீதம் முழு மதிப்பெண் 654. அதற்குத் தயாராகும் பிள்ளைகளை முழு எண்ணிலேயே பழக்கினால் மாநில மேட்சில் திணறுவார்கள். நேரமும் வேறு: பேப்பரில் 60 ஷாட்டுக்கு 90 நிமிடம், எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம்தான்.

அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் கோளாறுகள் எளிதில் புரியும். ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் 4.5 மி.மீ. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ., ஆகவே 0.1 மதிப்பெண் என்பது 0.25 மி.மீ. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா கடைசியாக அடித்த 10.8 என்றால் பெல்லட்டின் நடு, டார்கெட் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். சர்வதேச விதி எலக்ட்ரானிக் டார்கெட்டிடம் கேட்பது 0.1 மதிப்பெண்ணில் பாதி அளவு துல்லியம், அதாவது 0.125 மி.மீ. சத்தம் ஒரு மில்லிமீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மைக்ரோ வினாடி ஆகிறது. டார்கெட்டுக்குள் ஓடும் பேப்பர் ரோலைப் பெல்லட் கிழிக்கும் ஓசை நான்கு மைக்கையும் எந்தெந்த நொடியில் அடைந்தது என்பதை வைத்துத்தான் டார்கெட் பெட்டி ஷாட் விழுந்த இடத்தைக் கணக்கிடுகிறது.

இங்கேதான் நம்ம ஊர் வெயில் நுழைகிறது. 25 டிகிரியில் சத்தம் நொடிக்கு 346 மீட்டர் போகும். 40 டிகிரியில் சுமார் 355. பெட்டிக்குள் இருக்கும் வெப்ப சென்சார் இதைத் திருத்திக்கொள்ளும். சென்சார் பத்து டிகிரி தப்பாகக் காட்டினால்கூட நல்ல ஷூட்டருக்குப் பெரிதாகத் தெரியாது. மையத்தில் பிழை மிகச் சிறியது, ஏழு எட்டு வளையத்துக்குப் போகும்போதுதான் கூடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடானால் ஒற்றை சென்சாருக்கு அது தெரியாது. மைக் மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கிறது, இடது பக்கக் காற்று வலதைவிட 2 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால், காட்டும் இடம் 0.2 மி.மீ. நகர்கிறது. கிட்டத்தட்ட 0.1 மதிப்பெண். மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரை ஒட்டிய கடைசி லேனில் குரூப் (ஷாட்கள் சேர்ந்து விழும் கூட்டம்) முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும். ஷூட்டர் சைட்டில் கிளிக் போட்டுக் குறியை மாற்றுவார். ஏழு மணிக்குச் சுவர் ஆறியதும் குரூப் மறுபக்கம் போகும். துப்பாக்கி மேல், பெல்லட் மேல், பிள்ளை மேல் எல்லாம் பழி விழும். டார்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, சுவரில் 50 மி.மீ. தெர்மாகோல் ஒட்டினாலே பெரும்பகுதி அடங்கிவிடும். ஏசி காற்று ஒரே பெட்டியின் பக்கவாட்டில் அடிக்கும்படி இருந்தாலும் இதே கதைதான்.

நகர்ந்ததா இல்லையா என்பதை வாதம் செய்து தீர்க்க முடியாது, அட்டைதான் சாட்சி. டார்கெட் முகப்பில் ஒரு பேப்பர் அட்டையை மையம் பார்த்து ஒட்டி, வேண்டுமென்றே பரப்பிப் பத்து ஷாட் அடிக்கவும். குரூப் தேவையில்லை, துளைகள் தனித்தனியாக விழுந்தால் போதும். அட்டையை ஸ்கேன் செய்து ஒவ்வொரு துளையின் இடத்தையும் திரையில் காட்டிய இடத்தோடு ஒப்பிடவும். பத்தும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் மையம் நகர்ந்திருக்கிறது. வெளியே போகப் போக வித்தியாசம் கூடினால் வெப்பத் திருத்தம் தப்பு. ஒரு மூலையில் மட்டும் கோணினால் அந்த மூலை மைக். பேப்பர் ரோல் மாற்றும் போதும், முகப்புத் தட்டைக் கழற்றி மாட்டும் போதும் இதைச் செய்துவிடுவது நல்லது. மாட்டும்போது மட்டம் வைத்துப் பார்க்க மறக்கக் கூடாது.

‘அடித்தேன், திரையில் விழவில்லை’ என்ற புகாரில் முக்கால்வாசி பேப்பர் ரோலில் போய் நிற்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மோட்டார் பேப்பரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நகரவில்லை என்றால் அடுத்த பெல்லட் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை வழியே சத்தமில்லாமல் போய்விடும். நன்றாக அடிப்பவருக்குத்தான் இது அதிகம் நடக்கும் என்பது வேடிக்கை. சிக்கனம் பார்த்து நகர்வை 5 மி.மீ. என்று வைத்தால் ஓட்டைகள் ஒன்றோடொன்று உரசும். 10 மி.மீ. வைத்தால் 50 மீட்டர் ரோல் 5000 ஷாட்டுக்கு வரும், அதுவே போதுமான சிக்கனம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிய பேப்பர் தொய்ந்துவிடும்; பெல்லட் அதைச் சுத்தமாக வெட்டாமல் கிழிக்கும், ஓசையும் மந்தமாகும். ரோல்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைக்கவும். மேட்ச் முடிந்த ரோலை உடனே தூக்கி எறிய வேண்டாம். லேன் எண்ணையும் ரிலே (சேர்ந்து சுடும் அணி) எண்ணையும் பேனாவால் எழுதி, புகார் நேரம் தாண்டும் வரை வைத்திருக்கவும்.

அடுத்தது குளவி. சிரிக்க வேண்டாம். மைக்குக்கு முன்னால் இருக்கும் சிறு துவாரம் மண்குளவிக்குக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. நாலு நாள் ரேஞ்ச் மூடியிருந்தால் மண் பூசிவிடும். ஒரு மூலையில் மட்டும் ஸ்கோர் கோணுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பயிற்சி முடிந்ததும் முகப்பில் துணி உறை போட்டால் குளவி, பல்லி, பாலாற்றுப் பக்கமிருந்து வரும் மணல்தூசி மூன்றுக்கும் சேர்த்துத் தீர்வு. ஒளித்திரை வகையில் பேப்பர் ரோல் செலவு குறைவு, சத்தத் தொல்லை கிடையாது. ஆனால் தூசி படிந்த கண்ணாடியும், மாலையில் ஜன்னல் வழியே சரிந்து விழும் வெயிலும், குறுக்கே பறக்கும் பூச்சியும் அதற்கு எதிரி. வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைக்க ஆள் இருக்கும் கிளப்புக்கு அது சரி.

பெல்லட் தொட்டியையும் கவனிக்கவும். ஒரு பெல்லட் அரை கிராமுக்குச் சற்று மேல். ஆயிரம் ஷாட்டுக்கு அரைக் கிலோ ஈயம். தொட்டி நிரம்பினால் குவியலில் பட்டுத் தெறிக்கும் துண்டுகள் மைக்கைப் பதம் பார்க்கும். காலி செய்யும்போது துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மின்சாரம் தனிப் பெரிய கதை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே தெரியும், அதனால் தொல்லை இல்லை. கோடை இடி மழைக்கு முன் வந்து வந்து போகும் கரண்ட்தான் கெடுதல். டார்கெட்டுகள், மானிட்டர்கள், ஸ்கோர் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே ஆன்லைன் யூபிஎஸ்ஸில். ஏசியும் கம்ப்ரசரும் வேறு ஃபேஸில். மேட்ச் நடுவில் கரண்ட் போனால் அடித்த ஷாட்கள் டார்கெட்டிலேயே பதிந்திருக்குமா, கம்ப்யூட்டரில் மட்டுமா என்பதை வாங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கவும். வேலூர்ப் பாறை மண்ணில் சித்திரையில் எர்த் பிட் காய்ந்து போகும். அக்னி நட்சத்திரத்தில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளக்கவும். வைஃபை வேண்டாம், லேனுக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.

பயிற்சியில் ஒரு கெட்ட பழக்கம் உள்ளே வரும். டிரிகர் விட்டதும் கண் திரைக்குத் தாவும், கன்னம் ஸ்டாக்கை (துப்பாக்கிக் கட்டையை) விட்டு எழும், ஃபாலோ த்ரூ (சுட்ட பிறகும் சில நொடி அசையாமல் இருப்பது) காணாமல் போகும். பேப்பர் காலத்தில் அட்டை திரும்பி வரும் வரை பொறுக்க வேண்டியிருந்ததே ஒரு பயிற்சியாக இருந்தது. பத்துப் பத்து ஷாட்டாகத் திரையை மூடி வைத்து, பெல்லட் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நோட்டில் எழுதிய பிறகே திறக்கச் சொன்னால் சரியாகும். புதிதாகச் சேர்ந்தவர்களை எலக்ட்ரானிக் லேனில் விடவே கூடாது. பிஸ்டல் டார்கெட்டின் வெளி வளையமே 155.5 மி.மீ.; அதற்கு வெளியே போகும் பெல்லட் சட்டத்தில் அடிக்கும். எல்லா ஷாட்டும் டார்கெட் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழும் வரை பேப்பர்தான். மைக் மூலைகளுக்கு முன்னால் ராணிப்பேட்டைப் பட்டறையில் 6 மி.மீ. இரும்புத் தகடு வெட்டி, பெல்லட் கீழ்நோக்கித் தெறிக்கும்படி சாய்த்து வைப்பது மலிவான காப்பீடு.

50 மீட்டருக்கு ஏன் தயக்கம்? துல்லியம் பிரச்சினை இல்லை, அங்கே 0.1 மதிப்பெண் என்பது 0.8 மி.மீ., தாராளம். பாயிண்ட் 22 மேட்ச் குண்டு டார்கெட்டை அடையும்போது சத்தத்தைவிட மெதுவாகப் போவதால் அதிர்வலை கிடையாது. அதனால் குண்டு துளைக்கும் சத்தத்தை உள்ளேயே பிடிக்க, டார்கெட்டுக்கு முன்னும் பின்னும் ரப்பர் ஷீட் போட்டு மூடிய அறை வேண்டும். அந்த ரப்பர் வெட்டவெளி வெயிலில் இறுகி வெடிக்கும். நடுவில் நைந்தால் சத்தம் கசியும், காற்றோசை உள்ளே வரும், ஸ்கோர் அலையும். தோல் ஊராயிற்றே, தோலைக் கட்டிப் பார்க்கலாமே என்ற யோசனை இங்கே தவறாமல் வரும். குண்டு போன துளையை ரப்பர் ஓரளவு சுருங்கி மூடிக்கொள்ளும், தோல் மூடாது. டார்கெட் வரிசைக்கு மேல் இரட்டைக் கூரை, ஷூட்டர் மேடைக்கும் டார்கெட்டுக்கும் இடையே செம்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் கேபிள் (இடி விழுந்தால் செம்பு இரண்டு முனையையும் எரித்துவிடும்), கையில் உதிரி ரப்பர் ஷீட்: இவை இல்லாத இடத்தில் 50 மீட்டரைப் பேப்பரிலேயே ஓட்டலாம்.

ஆர்டரில் டார்கெட்டோடு சேர்த்து எழுத வேண்டியவை: இரண்டு உதிரி மைக், ஒரு ஃபீட் மோட்டார், ஒரு பவர் அடாப்டர், ஆறு ரோல். மென்பொருள் லைசன்ஸ் ஒருமுறையா வருடாவருடமா என்பதையும், பேப்பர் ரோலை வேறு இடத்தில் வாங்கினால் வாரண்டி நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். எட்டு லேன் இருந்தால் நான்கை மட்டும் மாற்றி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பின் மீதி நான்கைப் பற்றி யோசிக்கலாம். பேப்பர் அட்டையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பழைய கப்பிச் சேஞ்சர்களைக் கழற்றிய பின் இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். ஒரு மைக் பழுதாகி உதிரி வந்து சேரும் வரை அந்த லேன் அதில்தான் ஓடும்.