ஆர்வி வண்டியில் சுவிட்ச், கேபினெட் கதவு மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் ஆர்வி டிரெய்லர் (பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வைத்திருக்கும் நம்மவர்கள், உள்வேலையை யாரிடமாவது ஒப்படைக்கும் முன் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். வீட்டுச் சமையலறை வேலை செய்கிறவர்கள் பலர் இப்போது 'ஆர்வி ரீமாடல்' என்று பலகை மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தவரும் அப்படிப்பட்டவர்தான். போட்டோவில் பார்த்தால் குறை சொல்லவே முடியாத வேலை. ஆனால் எங்கள் வண்டி எரிந்து போயிருக்கும்.

நாங்கள் கேட்டது இரண்டு விஷயம். பழுத்துப்போன பழைய விளக்கு சுவிட்சுகளை மாற்றி, படுக்கை அருகே மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் வைக்க வேண்டும். கேபினெட் கதவுகளை வெள்ளையில் புதிதாகப் போட வேண்டும். 2,400 டாலர் என்றார். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பினால் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். என் மனைவி சம்மதிக்கவில்லை. கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்று கிரெடிட் கார்டில்தான் கட்டினோம்.

வண்டி கைக்கு வந்தபோது டிம்மர் இல்லை. "இந்த வண்டிக்கு அது ஒத்துவராது" என்றார். பில்லில் மட்டும் டிம்மருக்குப் பணம் போட்டிருந்தது.

இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க் போகும் வழியிலேயே மேல் கேபினெட் கதவுகள் திறந்துகொண்டு எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் தரையில். அன்று இரவு விளக்குகள் மினுக்கின. சமையல் பக்கத்து சுவிட்சைத் தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கரண்ட் கேபிளையும் பிடுங்கிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் இரவைக் கழித்தோம். பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஊர் திரும்பியதும், ஆர்வி மட்டுமே பார்க்கும் நடமாடும் டெக்னீஷியன் ஒருவரை வரவழைத்தோம். அவர் சுவிட்ச் தட்டைக் கழற்றியதும் முதலில் காட்டியது அதன் உலோகப் பட்டையில் பொறித்திருந்த எழுத்தை: 15 ஆம்பியர், 120 வோல்ட், ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) மட்டும். ஆர்வியில் இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. குளிர்சாதனம், மைக்ரோவேவ், சுவரில் உள்ள பிளக்குகள் எல்லாம் 120 வோல்ட் ஏசி. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் பேட்டரியின் 12 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஏசி கரண்ட் இங்கே நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். அதனால் சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானாகச் செத்துவிடும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. பொறி நீண்டு நின்று உள்ளே இருக்கும் உலோக முனையைத் தின்றுகொண்டே போகும். ஒன்றிரண்டு சின்ன எல்இடி விளக்குக்கு வீட்டு சுவிட்சே போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களுடையது பழைய வண்டி. 1141 ரக குண்டு பல்பு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். ஒரே சுவிட்சில் ஐந்தாறு பல்பு.

சூடானதற்குக் காரணம் அதுகூட இல்லை. வீட்டு சுவிட்சின் பின்னால் கம்பியைக் குத்திச் செருகும் ஓட்டை இருக்கும்; அது ஒற்றைக் கம்பிக்காகச் செய்தது. ஆர்வி விளக்குக் கம்பிகள் பல இழைகள் முறுக்கியவை. ரீமாடல் செய்தவர் அவற்றை அப்படியே அந்த ஓட்டையில் திணித்திருக்கிறார். வண்டி ஓடும் அதிர்வில் பிடி தளர்ந்து, தளர்ந்த இடம் கொதித்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் ஃபியூஸ். அந்த விளக்குகளின் கம்பி 14 கேஜ் தடிமன். அதற்கு 15 ஆம்பியர் நீல ஃபியூஸ்தான் இருக்க வேண்டும், வேலைக்குக் கொடுக்கும் முன் நாங்கள் எடுத்த போட்டோவிலும் நீலம்தான் இருக்கிறது. டெக்னீஷியன் திறந்தபோது அங்கே இருந்தது பச்சை, 30 ஆம்பியர். ஒரு கதவுச் சட்டத்தின் ஸ்க்ரூ கம்பியின் தோலை உரசியிருந்ததையும் அவர் கண்டுபிடித்தார். அதனால் நீல ஃபியூஸ் எரிந்திருக்கும், ஏன் எரிகிறது என்று தேடாமல் பெரிய ஃபியூஸாகப் போட்டிருப்பார் என்பது அவர் கணிப்பு. ஃபியூஸ் எரியாவிட்டால் அடுத்து எரிவது கம்பி. அந்தக் கம்பி மெல்லிய பிளைவுட்டுக்குப் பின்னால் போகிறது.

கதவு விஷயமும் சின்னதில்லை. மெதுவாக மூடும் வீட்டுக் கீல்களைப் போட்டிருக்கிறார். ஓடுகிற வண்டியில் அவை கதவைப் பிடித்து நிறுத்தாது. பழைய கதவுகளில் இருந்த அழுத்தித் திறக்கும் தாழ்ப்பாள்களைத் தூக்கி எறிந்துவிட்டார். கதவுகள் கனமான எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ஒன்று மூன்று கிலோவாவது இருக்கும். மெல்லிய சட்டத்தில் ஸ்க்ரூ பிடிக்காமல் இப்போதே ஆடுகின்றன. இந்தக் கூடுதல் எடையெல்லாம் வாசல் அருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் சொன்ன சுமை அளவிலிருந்துதான் கழியும். சந்தேகம் இருந்தால் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற வண்டி எடை மேடையில் எடை போட்டுப் பாருங்கள்.

அதைவிட மோசம், கீழே கன்வெர்ட்டர் இருக்கும் அறைக்குக் காற்றுப் போகும்படி சட்டம் சட்டமாக இருந்த கதவை எடுத்துவிட்டு மூடிய கதவு போட்டது. 120 வோல்ட்டை 12 ஆக மாற்றும் அந்தப் பெட்டிக்குக் காற்று வேண்டும். ஹீட்டருக்குத் திரும்பும் காற்று வழியும் அப்படித்தான். அடைத்தால் ஹீட்டர் சூடேறித் தானாக நின்றுவிடும்.

ரீமாடல் செய்த கடைக்காரரிடம் கேட்டதற்கு, வீட்டு சுவிட்ச்தான் தரமானது, ஃபியூஸைத் தான் தொடவே இல்லை என்றார். போட்டோவை அனுப்பிய பிறகு போனை எடுக்கவில்லை.

இப்போது டெக்னீஷியன் டிசி ரேட்டிங் உள்ள சுவிட்சுகள் மாட்டி, கம்பி முனைகளை உலோக இணைப்பியில் வைத்து இறுக்கி (கிரிம்ப் செய்து), நீல ஃபியூஸுக்குத் திரும்பிவிட்டார். 12 வோல்ட்டுக்கான டிம்மரும் கிடைத்தது, ஒத்துப்போகவும் செய்கிறது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, கன்வெர்ட்டர் கதவில் ஜன்னல் வெட்டி கிரில் வைத்தாயிற்று. எல்லாம் எங்கள் செலவு. டிம்மருக்கு வாங்கிய பணத்தை கார்டு நிறுவனத்திடம் மறுத்து எழுதியிருக்கிறோம். யாருக்காவது இப்படி நேர்ந்தால், ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். மீதிக்குக் கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட். டெக்சாஸில் 20,000 டாலர் வரை அங்கேயே கேட்கலாம். அது முடியும் வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள், போடப்போகும் சுவிட்சின் டிசி ரேட்டிங், தாழ்ப்பாளின் வகை, கதவின் எடை மூன்றையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.