சென்னை ரிசப்ஷனில் பார்: ஊருக்குப் போய் ஏற்பாடு செய்த அனுபவம்

தம்பி மகன் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே சென்னைக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் மண்டபத்தில், மறுநாள் மாலை ரிசப்ஷன். வெளிநாட்டு நண்பர்கள் நிறையப் பேர் வருவதால் ரிசப்ஷனில் மது வைக்கலாம் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் கேட்க, இரண்டு வீட்டாரும் யோசித்துச் சம்மதித்தார்கள். அந்த ஏற்பாடு மட்டும் என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்து இதே வேலையை எடுத்துச் செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்யாணங்களில் குடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்திய காரின் டிக்கியில் நடக்கிறது, லாட்ஜ் ரூமில் நடக்கிறது. பிளாஸ்டிக் டம்ளர், ஒரு பாக்கெட் தண்ணீர், வெறும் வயிறு. பிறகு அதே காரை ஓட்டிக்கொண்டு ராத்திரி வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வருத்தம். வைப்பதென்றால் ஒழுங்காக வைக்க வேண்டும். குடிக்கிறவர் உட்கார்ந்து, சாப்பிட்டு, அளவாகக் குடித்து, வேறொருவர் ஓட்டும் வண்டியில் போக வேண்டும். குடிக்காதவருக்கு அதனால் ஒரு சங்கடமும் வரக்கூடாது. இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுத்தேன்.

முதல் முடிவு இடம். தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் மது பரிமாற வழியில்லை. 2023-இல் சிறப்பு உரிமம் வாங்கினால் மண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் பரிமாறலாம் என்று அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய எதிர்ப்பு வந்ததும் மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதனால் மிச்சமிருப்பது எஃப்.எல்.3 என்ற மது உரிமம் உள்ள ஹோட்டல்கள், எஃப்.எல்.2 என்ற மது உரிமம் உள்ள கிளப்புகள். நாங்கள் ஒரு நட்சத்திர ஹோட்டலை எடுத்தோம். ஹோட்டலுக்கு உரிமம் இருக்கிறது என்று கேட்டதோடு விடவில்லை. நாங்கள் எடுக்கிற கூடத்துக்கும் அந்த உரிமம் செல்லுமா, தனி அனுமதி வேண்டுமென்றால் யார் வாங்குவது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது தேதி. டாஸ்மாக் கடைகளுக்கு வருடத்தில் எட்டு நாள் விடுமுறை. அந்த நாட்களில் ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். அந்த எட்டில் மூன்று தை மாதத்திலேயே வந்துவிடுகின்றன: திருவள்ளுவர் தினம், தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள், குடியரசு தினம். தையில்தான் நமக்கு முகூர்த்தங்கள் குவிகின்றன. மகாவீர் ஜெயந்தி, மே 1, சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி மற்ற ஐந்து. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் கிடையாது. பத்திரிகை அடிப்பதற்கு முன்பு காலண்டரில் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வயது விஷயம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். சிங்கப்பூரில் 18, தமிழ்நாட்டில் 21. எங்களோடு வந்த பிள்ளைகளில் சிலர் கல்லூரியில் முதல் இரண்டு வருடம் படிக்கிறவர்கள். அவர்களிடம் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், யாருடைய பிள்ளை என்று பார்க்க வேண்டாம் என்று ஹோட்டலிலும் சொல்லி வைத்தேன்.

இதற்கிடையில் மேடை அலங்காரத்துக்குப் பேசியிருந்த ஒரு ஈவென்ட் நிறுவனத்துக்காரர், "எதுக்கு சார் ஹோட்டல் ரேட்டு? மண்டபத்துலயே பின்னாடி ரூம் போட்டுத் தர்றோம், பாட்டில் நாங்க கொண்டு வந்துடுவோம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பாண்டிச்சேரியிலிருந்து எடுத்து வருவதாகவும் ஜாடையாகச் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பாண்டிச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பிடிபட்டால் மாட்டுவது வண்டி ஓட்டுகிற பையன், கூடவே கல்யாண வீட்டாரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அலங்காரத்துக்கும் வேறு ஆளைப் பார்த்தோம். ஏர்போர்ட்டில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வாங்கி வருகிறோம் என்று சொன்ன நண்பர்களையும் தடுத்தேன். ஹோட்டல் சம்மதிக்காமல் வெளி பாட்டிலை அங்கே திறக்க முடியாது, சம்மதித்தாலும் பாட்டிலுக்கு ஒரு கார்க்கேஜ் கட்டணம் போடுவார்கள்.

இனி ஹோட்டல் சேவை. விருந்துக் கூடங்களைக் கவனிக்கிற பேங்க்வெட் மேனேஜர் நல்ல மனிதர், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டு வகையில் பில் போடுவார்கள். ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ். குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று உறுதி கொடுக்க வேண்டும். இன்னொன்று, குடித்த அளவுக்கு மட்டும். நாங்கள் அழைத்தது 400 பேர், அதில் குடிக்கிறவர்கள் 80 பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று உறவுக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கணக்குப் போட்டோம். நம் கூட்டத்துக்குக் குடித்த அளவுக்குப் பில் என்பதுதான் பொருந்தும். விருந்தினரில் முக்கால்வாசிப் பேர் ஜூஸோடு நிறுத்திக்கொள்கிற வீட்டில் தலைக்கணக்கு பேக்கேஜ் வீண் செலவு.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் பார் திறந்திருக்கும். முதல் மணி நேரம் ஆளுக்கு இரண்டு ஸ்மால், அப்புறம் மணிக்கு ஒன்று. மொத்தம் நான்கு ஸ்மால், அதாவது 120 மில்லி. விஸ்கி வகையறா குடிப்பவர்கள் 50 பேர் என்றால் ஆறு லிட்டர், 750 மில்லி பாட்டிலில் எட்டு. வைன் ஒரு பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ் வரும். பத்துப் பேருக்கு மும்மூன்று கிளாஸ் என்றால் ஆறு பாட்டில். மிச்சம் 20 பேருக்கு பீர், ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று 40. ஐம்பது பேருக்கு ஒரு பார்டெண்டர் என்ற கணக்கில் இரண்டு பேரைக் கேட்டேன். எல்லோரும் குறைத்துப் போடுவது ஐஸைத்தான். சென்னை வெயிலில் குடிப்பதற்கும் பாட்டிலைக் குளிர வைப்பதற்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு கிலோ என்று எழுதச் சொன்னேன், மீதமே ஆகவில்லை.

இவை எல்லாம் எஃப்.பி. என்று அவர்கள் சொல்கிற ஃபங்ஷன் ப்ராஸ்பெக்டஸில், அதாவது விருந்து ஏற்பாடுகளை எழுதிவைக்கும் தாளில், ஏற வேண்டும். அதில் இருப்பதுதான் அன்றைக்கு நடக்கும். மேனேஜர் வாயால் சொன்னது மாலை ஷிப்டில் பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கிற கேப்டனுக்குத் தெரியாது. பெக் மெஷர் என்கிற அளவுக் கிண்ணத்தில் அளந்துதான் ஊற்ற வேண்டும், பார் மூடும் நேரம் பத்தரை, சீல் உடைக்காத பாட்டிலுக்குப் பில் இல்லை, எங்கள் வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் புது பாட்டில் திறக்கக்கூடாது. நான்கையும் எழுதி வாங்கினேன். வரியும் இரண்டு மாதிரி வரும்: சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதற்கு வாட். எஸ்டிமேட்டில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியப்பா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம வீட்டு விசேஷத்துல இது அவசியமாப்பா?" என்று கேட்டார். அவருக்கு எண்பது வயது. குடும்பத்தில் குடியால் ஒருவரை இழந்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாரை ரிசப்ஷன் கூடத்துக்குள் வைக்காமல் அதே மாடியில் தனி அறை எடுத்ததும், கிளாஸோடு யாரும் மேடைப் பக்கம் வராதபடி வாசலில் ஒரு ஆளைப் போட்டதும் அவருக்காகத்தான். அறையைப் போய்ப் பார்த்துவிட்டு, "சரி, கூட்டம் கலையற வரைக்கும் நீ இங்கயே இரு" என்று மட்டும் சொன்னார். இருந்தேன்.

குடிக்காதவர்களுக்கான கவுண்டருக்கும் அதே அக்கறை காட்டினோம். நன்னாரி சர்பத், பானகம், இளநீர், புதினா போட்ட எலுமிச்சை சோடா, எல்லாம் நல்ல கண்ணாடி கிளாஸில். பார் அறைக்குள்ளும் சாப்பாடு வைத்தோம். சிக்கன் 65, மசாலா வேர்க்கடலை போன்றவை தாகத்தைக் கிளப்பும், வயிறு நிரம்பாது. அதனால் கொத்து பரோட்டாவும் தயிர் சாதமும் முதல் மணி நேரத்திலேயே சுற்றிவந்தன. ஒவ்வொரு மேஜையிலும் தண்ணீர் பாட்டில், கேட்காமலேயே.

நான் அதிகம் மெனக்கெட்டது வண்டிகளுக்குத்தான். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், சிங்கப்பூரில் 80. இந்தியாவில் கிடைக்கும் 42.8 சதவீத விஸ்கியில் ஒரு ஸ்மாலிலேயே பத்து கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதை உடம்பு கரைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ், அதாவது இரண்டு ஸ்மால், அடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிட, எதிரே வருகிற யாரோ ஒருவரின் உயிர்.

அதனால் விருந்தினர் காரை அவர்களுக்காக ஓட்டிப்போகிற ஆக்டிங் டிரைவர்கள் பன்னிரண்டு பேரை அந்த மாலைக்கு எடுத்தோம். பார் அறைக்குள் வருகிறவரிடம் ஹோட்டலில் காரை நிறுத்தக் கொடுத்தபோது தந்த வாலே டோக்கனை வாசலிலேயே வாங்கிக்கொள்வோம். கிளம்பும்போது டோக்கன் நேராக டிரைவரிடம் போகும். ஒன்றிரண்டு பேர் முறைத்தார்கள். தம்பி வந்து, "அண்ணே, இது என் வேண்டுகோள்" என்று தோளில் கை போட்டதும் அடங்கினார்கள். டிரைவர்களுக்குச் சாப்பாடு ரிசப்ஷன் மெனுவிலிருந்தே, நேரத்தோடு போடச் சொன்னோம். கடைசி வண்டி தாம்பரத்துக்குக் கிளம்பும்போது பன்னிரண்டரை. அதில் போன டிரைவர் திரும்பி வர ஆட்டோ காசைத் தனியாகக் கொடுத்தோம்.

பில் சரிபார்க்கும்போது இரண்டு விஸ்கி பாட்டிலும் ஒரு பெட்டி பீரும் சீல் உடையாமல் இருந்தன, அவற்றைக் கழித்துக் கொடுத்தார்கள். எல்லா பாட்டிலையும் என் எதிரில் எண்ணிக் காட்டிய கேப்டனைப் பற்றி மேனேஜருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.