சேரன்மகாதேவித் திண்ணையில் ஒரு நுண்ணோக்கியும் இரண்டு செல் மாதிரிகளும்

உயிரியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு அறிவியல் பாடம் சொல்லி வருகிறேன். செல்லின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது போதவில்லை என்று தோன்றியதால், பாளையங்கோட்டையில் பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் மூன்று பொருள்களை வாங்கினேன். தாவரச் செல், விலங்குச் செல் ஆகிய இரண்டின் பிளாஸ்டிக் மாதிரிகள் சேர்ந்து 1,600 ரூபாய். மாணவர் நுண்ணோக்கி 3,850 ரூபாய். ஆயத்த ஸ்லைடுகள் (பார்க்க வேண்டிய பொருளை முன்பே பதித்த கண்ணாடித் தகடுகள்) 25 கொண்ட பெட்டி 450 ரூபாய். நான்கு மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். இவற்றுள் ஒன்றை மட்டும் வாங்க வசதியுள்ளவர்கள் தயங்காமல் நுண்ணோக்கியை வாங்கலாம் என்பது என் முடிவு.

முதலில் தாவரச் செல் மாதிரி. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் பச்சைப் பெட்டி பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது; செல் சுவரும் அதற்கு உட்புறமாகச் செல் சவ்வும் தனித்தனி நிறத்தில் தெரிகின்றன. ஆனால் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. தாவரத்துக்குப் பசுங்கணிகம் இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியா எதற்கு என்று தேர்வுத்தாளில் எழுதும் பிள்ளைகளை முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வந்தவள் நான். அதே பிழையைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்பதைக் கண்டபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. பசுங்கணிகம் வெயிலைக் கொண்டு சர்க்கரையைச் செய்கிறது. அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் துணையோடு சிதைத்து, செல் தன் வேலைகளுக்குச் செலவிடக்கூடிய ஏடிபி மூலக்கூறாக மாற்றித் தருவது தாவரத்திலும் மைட்டோகாண்ட்ரியாதான். வெயிலே படாத வேரின் செல்லுக்கு இது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. இருக்க வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதோடு நில்லாமல், விலங்குச் செல் பிரியும்போது பங்குகொள்வதும் பூக்கும் தாவரங்களின் செல்லில் காணப்படாததுமான சென்ட்ரியோல் என்னும் சிறு உறுப்பை ஒரு மூலையில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். முதிர்ந்த தாவரச் செல்லின் கொள்ளளவில் 90 விழுக்காடு வரை இடம் பிடித்துக்கொள்ளும் நடு வாக்குவோல் என்னும் சாறு நிறைந்த பை, இதில் ஓரமாக ஒதுங்கிய ஓர் எலுமிச்சம்பழ அளவில்தான் இருக்கிறது.

அளவு விகிதத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் மனத்தில் பதிவது அதுதான். வெங்காயத் தோலின் ஒரு செல் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளம் என்று கொண்டால், இந்த மாதிரி அதை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் கணக்கின்படி உட்கரு ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா வைத்திருந்தால் அது கடுகளவு. புரதத்தை உருவாக்கும் நுண்துகளான ரைபோசோம் கண்ணுக்கே தெரியாது. எட்டு மில்லிமீட்டர் தடிமனில் செய்திருக்கும் செல் சவ்வோ, நாம் காய்கறி வாங்கிவரும் மெல்லிய பாலித்தீன் பையைவிடவும் மெல்லியதாக இருக்க வேண்டும். அப்படியே செய்தால் விற்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆயினும் 'இது அளவு விகிதப்படி செய்யப்பட்டதன்று' என்று ஒரு வரி அச்சிட்டுச் சேர்க்க என்ன செலவாகிவிடும்?

விலங்குச் செல் மாதிரியைச் செய்தவர் வேறு யாரோ கைத்தேர்ச்சி உள்ளவர் போலும். உட்கருவின் மேலுறையில் துளைகள் உள்ளன. அந்த உறையின் வெளிச்சவ்வு அப்படியே நீண்டு எண்டோபிளாச வலைப்பின்னலாக விரிவதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். பல படங்களில்கூட இந்தத் தொடர்ச்சி விடுபட்டுவிடும். வலைப்பின்னலின் சொரசொரப்பான பகுதியில் ரைபோசோம்கள் புள்ளிகளாக ஒட்டியிருப்பதைத் தொட்டுக் காட்டி, அங்கே உருவாகும் புரதம் சிறு பைகளில் அடைபட்டுக் கோல்கை உறுப்புக்குப் போய், அங்கு மாற்றமும் தரப்பிரிப்பும் பெற்று, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்கோ செல் சவ்வுக்கோ அனுப்பப்படும் வழியை விரலாலேயே பிள்ளைகளால் தடம் பிடிக்க முடிகிறது. காமில்லோ கோல்கை 1898இல் நரம்புச் செல்களில் வெள்ளிச் சாயமேற்றிக் கண்ட இந்த உறுப்பு உண்மையா, சாயத்தால் வந்த மாயத் தோற்றமா என்று அறிஞர்கள் அரை நூற்றாண்டு வாதிட்டார்கள் என்றும், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே வழக்கு தீர்ந்தது என்றும் சொன்னபோது, மாதிரியில் இருந்த அந்த அடுக்குகளைப் பிள்ளைகள் கூடுதல் மரியாதையோடு பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா ஒன்றைக் குறுக்கே வெட்டி உட்சவ்வின் மடிப்புகளையும் காட்டியிருப்பது பாராட்டத் தக்கது. குறை ஒன்றுதான்: பெயர்ப் பட்டியல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. நானே தமிழில் எழுதி ஒட்டினேன்.

நுண்ணோக்கி ஹரியானாவிலுள்ள அம்பாலாவில் செய்தது. நான்கு, பத்து, நாற்பது மடங்குப் பொருளருகு லென்ஸ்கள் மூன்றும் பத்து மடங்குக் கண்ணருகு லென்ஸ் ஒன்றும் உள்ளன. ஆகவே மிகுதியாக 400 மடங்கு. ஆனால் பெட்டியின்மேல் 2,000 மடங்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டபோது, "அது கூட ஒரு லென்ஸ் இருக்கு டீச்சர், அதையும் மாட்டினா வந்துரும்" என்றார். அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல முடியாது; பெட்டியில் இருப்பதைத்தான் அவர் படித்தார். அந்தக் கூடுதல் லென்ஸை மாட்டினால் உருவம் பெரிதாகிறதே ஒழியக் கூடுதலாக ஒரு நுணுக்கமும் தெரிவதில்லை, மங்கல்தான் பெரிதாகிறது. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. ரைபோசோமின் குறுக்களவு 0.03 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதை இந்தக் கருவியில் தேடுவது வீண். பெட்டி சொல்வதை மறந்துவிட்டு 400 மடங்கோடு நின்றுகொண்டால் இது நேர்மையான கருவி. எல்இடி விளக்கு மின்வெட்டிலும் எரிகிறது. நுண்திருகு மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. நாற்பது மடங்கு லென்ஸைக் கீழே இறக்கும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே இறக்கவில்லை என்றால், ஸ்லைடின்மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் உடையும். எங்கள் கணக்கில் இதுவரை ஆறு உடைந்துள்ளன.

முதல் நாள் சமையலறையிலிருந்து உள்ளியை, அதாவது வெங்காயத்தை, எடுத்தோம். அதன் செந்நிறப் புறத்தோலை மெல்லிதாக உரித்து ஒரு சொட்டு நீரில் வைத்தபோது, செங்கல் அடுக்கினாற்போல் செல்களும் அவற்றை நிறைத்த இளஞ்சிவப்புச் சாறும் தெரிந்தன. அந்த நிறம் முழுவதும் வாக்குவோலில் இருப்பது. மாதிரியில் எலுமிச்சம்பழமாக ஒதுங்கியிருந்தது இங்கே செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றதைப் பிள்ளைகளே சுட்டிக் காட்டினார்கள். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் உப்புக் கரைசலை விட்டு, மறுபக்கம் மை ஒற்றும் தாளால் உறிஞ்சினோம். சில நிமிடங்களில் சாறு சுருங்கிச் சுவரை விட்டு விலகி, சிவப்பு உருண்டையாக நடுவில் ஒடுங்கியது, சுவர் அசையவில்லை. தண்ணீரை வெளியே விட்டுவிடும் சவ்வும் எளிதில் வளைந்துகொடுக்காத சுவரும் இருவேறு பொருள்கள் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை. "மாவடு சுருங்குறது இப்படித்தானா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். இப்படித்தான்.

அயோடின் சொட்டிய வெள்ளைத் தோலில் உட்கருவும் நன்றாகத் தெரிகிறது. 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் இலையின் தோலில் கண்டு பெயரிட்டதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு பொட்டைத்தான்.

ஆனால் இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் முழுவதும் ஈடானது இரண்டாம் வாரத்தில். கன்னடியன் கால்வாயிலிருந்து ஒரு பிடி ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். அதன் இலை இரண்டே செல் அடுக்கு உடையது என்பதால், சீவவோ உரிக்கவோ தேவையின்றி அப்படியே ஸ்லைடில் வைக்கலாம். கால் மணி நேரம் வெயிலில் வைத்திருந்த இலையின் நடு நரம்பை ஒட்டிய செல்களை 400 மடங்கில் பார்த்தால், பசுங்கணிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரமாக ஊர்ந்து வட்டமடிக்கின்றன. போனவெனுத்தூரா கோர்த்தி 1774இல் காரா என்னும் நீர்ப்பாசியில் முதன்முதலாகக் கண்டு எழுதியதும் இதே ஓட்டத்தைத்தான். கண்ணை வைத்த சிறுமி, "பச்சைப் பொட்டெல்லாம் ஓடுது டீச்சர்!" என்று கத்தியதும் வரிசை கலைந்து எல்லோரும் நெருக்கினார்கள். பசுங்கணிகங்களுக்குக் கால் இல்லை. செல்லுக்குள் உட்கருவைச் சூழ்ந்த கூழான சைட்டோபிளாசத்தில் கிடக்கும் ஆக்டின் என்னும் புரத இழைகளின்மீது மயோசின் என்னும் புரதம் நடந்து செல்ல, அந்த இழுப்பில் சைட்டோபிளாசமே ஓடுகிறது. மயோசினின் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஏடிபி செலவாகிறது. அதற்கான ஏடிபியைத் தருவதில் பெரும்பங்கு வகிப்பவை, அந்தப் பச்சைப் பெட்டியில் இடம் கிடைக்காமல் போன மைட்டோகாண்ட்ரியாக்கள். சிறப்புச் சாயமில்லாமல் அவற்றை இந்தக் கருவியில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் அவை செய்யும் வேலையைப் பார்த்துவிட்டோம். பிளாஸ்டிக் மாதிரியால் எந்நாளும் தர முடியாதது இதுதான்: அங்கே உறுப்புகள் ஒட்டிவைத்த இடத்திலேயே இருக்கின்றன, இங்கே எதுவும் நிற்பதில்லை.

பத்தமடையிலிருந்து வரும் ஒரு பையன் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளை. அவன் கொண்டுவந்த பச்சைக் கோரையின் குறுக்குச் சீவலையும், தறியில் மிச்சமான உலர்ந்த கோரைச் சீவலையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். முன்னதில் பசுமையும் உயிர்ப்பொருளும். பின்னதில் வெற்றுச் சுவர்களும் காற்றறைகளும் மட்டும். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' என்று பெயர் வைத்ததும் இத்தகைய காலி அறைகளைத்தான். செல் இறந்த பின்னும் செல்லுலோஸ் சுவர் நிலைப்பதால்தான் நாம் பாயில் படுக்க முடிகிறது.

ஸ்லைடு பெட்டியில் வெங்காய வேர் நுனி மிக நன்று. பிரியும் நிலையிலுள்ள செல்களில், மரபுப் பொருளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களைக் கண்ணால் எண்ண முயலலாம். 'தவளை இரத்தம்' என்று ஒட்டியிருந்த ஸ்லைடில் மட்டும் சிவப்பணுக்கள் வட்டமாக, உட்கரு இல்லாமல் இருந்தன. தவளையின் சிவப்பணு நீள்வட்டமானது, உட்கரு உடையது. மனிதச் சிவப்பணுதான் முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்து, ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. பெயர் மாறியிருப்பதை நான் சொல்லும் முன்பே ஒரு மாணவி கண்டுபிடித்தாள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

கடையில் அந்த ஸ்லைடை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். தாவரச் செல் மாதிரியைத் திருப்பி எடுக்க மட்டும் மறுத்துவிட்டார்கள். பெட்டி பிரித்தாயிற்று என்பது காரணம். இப்போது களிமண்ணில் கடுகளவு உருண்டைகள் செய்து நாங்களே அதில் மைட்டோகாண்ட்ரியாக்களை ஒட்டிவிட்டோம். சென்ட்ரியோலைக் கத்தியால் பெயர்த்து எடுத்தாயிற்று. நுண்ணோக்கி வாங்குபவர்கள் கவர் ஸ்லிப் இரண்டு பெட்டியும் அயோடின் ஒரு குப்பியும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெட்டிக்குள் வருவது பத்தே கவர் ஸ்லிப்புகள்.