1,500 ரூபாய், இரண்டு நாள்: பன்மைப் பண்பாட்டு வகுப்பறைப் பயிற்சிக்குப் போய் வந்தேன்

திருப்பூர் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் 19 வருடமாக வேலை, இப்போது நாலாம் வகுப்பு. இந்த வருடம் 31 பிள்ளைகள். அதில் 14 பேருடைய வீட்டார் பனியன் கம்பெனி வேலைக்காக பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதனால்தான் கோயம்புத்தூரில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி என்ற நோட்டீஸைப் பார்த்ததும் சொந்தக் காசைக் கட்டிப் போனேன். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்கள் கெட்டவர்களும் இல்லை.

சனிக்கிழமை காலை வீண். அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பேங்க்ஸ் பன்மைப் பண்பாட்டுக் கல்விக்கு வகுத்த ஐந்து பரிமாணங்களை ஸ்லைடில் போட்டு, அதையே வாசித்தார்கள். பாடத்தில் பல பண்பாடுகளையும் சேர்ப்பது, அறிவு யாரால் எப்படி உருவாகிறது என்று காட்டுவது, முன்தீர்ப்பைக் குறைப்பது, எல்லாரும் கற்கும் விதமாக நடத்துவது, பள்ளியின் நடைமுறையையே மாற்றுவது. எல்லாம் சரிதான். ஆனால் மூன்றாவதை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். எனக்கு வேண்டியதே அதுதான். மைதானத்தில் ஒருத்தன் "டேய் வடக்கா, பந்தைப் போடுறா" என்கிறான். திட்டினால் வீட்டில் அப்பா சொல்வதைத்தானே சொன்னேன் என்கிறான். அந்த இடத்தில் வாத்தியார் என்ன செய்ய வேண்டும்? கேட்டேன். "நல்ல கேள்வி, நாளைக்குப் பேசுவோம்" என்றார்கள். நாளையும் வந்தது, பேச்சுத்தான் வரவில்லை.

மதியம் சார்ட் பேப்பர். குழுக்குழுவாக உட்கார்ந்து மாநிலவாரியாக உடை, உணவு, பண்டிகை வரைய வேண்டும். எங்கள் குழு பீகாருக்கு லெஹங்கா வரைந்தது. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. மூன்று வருடம் முன்பு ஆண்டு விழாவில் ஒரு பீகார் பெண்ணுக்கு வாடகைக்கு லெஹங்கா எடுத்து ஆட விட்டவள் நான். "எங்க ஊர்ல இதெல்லாம் யாரும் போட மாட்டாங்க மிஸ்" என்று அது சொன்னபோதும் ஜிமிக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பீகார்க்காரர்கள் சூரியனை வணங்கும் சத் பூஜையை வரைவது சுலபம். தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் அந்தப் பூஜைக்காக தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறிப் போன பிள்ளை மூன்று வாரம் கழித்து வந்து நிற்கும்போது விட்ட பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கஷ்டம். அதற்கு சார்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்த அம்மாவுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக ஒடியாவில் கணக்குப் பாடம் தொடங்கிவிட்டார். ஒரு வார்த்தை தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை. கரும்பலகையில் எண்கூட ஒடியா எழுத்தில். ஆறாவது நிமிடம் நான் பக்கத்து டீச்சர் நோட்டை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடம் அவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார், நான் சிரித்தேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் எதைக் கேட்டாலும் சிரிக்கிற ஒரு பிள்ளை உண்டு. திமிர் என்று நினைத்திருந்தேன்.

இருபது நிமிடம் கழித்துத் தமிழுக்கு வந்தார். தண்ணீருக்கு உங்கள் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதினார். இந்தியில் பானி, ஒடியாவில் பாணி, வங்காளத்தில் ஜொல், சந்தாலியில் தாக். சந்தாலி இந்திக்கு உறவே இல்லாத மொழி, அதற்கு ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு என்றார். நாங்கள் அத்தனை பேரையும் "இந்திக்காரப் பிள்ளைகள்" என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தோம். ஒடியாவில் ண, ள இரண்டும் உண்டாம். இந்தியில் ள கிடையாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஒடிசாப் பையன் முதல் மாதமே "பள்ளி" என்று சுத்தமாகச் சொன்னான். பீகார்ப் பையன் இன்றைக்கும் "பல்லிக்கு வந்தேன்" என்கிறான், வகுப்பே சிரிக்கிறது. அக்கறையில்லாத பயல் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

பிறகு, வீட்டில் தமிழ் பேசாதவர்கள் கை தூக்குங்கள் என்றார். 34 பேரில் 11 கை. தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம். என் கையும் உண்டு. எங்கள் வீட்டில் பாட்டி சாகும்வரை கன்னடம்தான். ஒன்றாம் வகுப்பில் நான் என்ன பாடுபட்டேன் என்பதை எப்படி இத்தனை வருடம் மறந்தேன் என்று தெரியவில்லை.

மதியம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது பற்றி. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் கூட்டாளிகளும் செய்த வேலையைச் சொன்னார்கள். ஆசிரியர்கள் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனார்கள், புகார் சொல்ல அல்ல. அந்த வீட்டில் என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள. அடுத்த வாரமே ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு என்கிற அடிமட்ட நிலையில் நான் உட்கார வைத்திருக்கும் பையன், அவன் அப்பாவின் பீஸ் ரேட் கணக்கை வாய்க்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தான். இத்தனை டஜன், டஜனுக்கு இவ்வளவு, அட்வான்ஸ் போக மீதி. பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவனுக்குத் தண்ணிபட்ட பாடு; "பன்னிரண்டு" என்ற சொல்தான் தெரியாது. கணக்குத் தெரியாததையும் தமிழ் தெரியாததையும் மதிப்பீட்டில் எப்படிப் பிரிப்பது? பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.

இன்னொரு குறை. பன்மை என்றாலே ரயிலேறி வந்தவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றி இரண்டு நாளும் மூச்சு இல்லை. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றிய நீதிபதி சந்துரு குழு அறிக்கை 2024இல் வந்தது. அதை ஒரு வரிகூடத் தொடவில்லை. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தையாவது விரிவாகச் சொல்லியிருக்கலாம். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர்களை வகுப்புக்குள் வைத்தே மலையாளம் கற்றுக்கொடுக்கிற திட்டம். பெயரைச் சொல்லி நகர்ந்துவிட்டார்கள்.

சாப்பாடு பரவாயில்லை, டீ ஆறிப்போனது. கையேட்டின் தமிழை இங்கிலீஷில் திருப்பிப் பார்த்தால்தான் புரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் இப்போது குட்மார்னிங் மட்டும்தான் வருகிறது.

ஐந்துக்கு மூன்று. அதில் இரண்டு அந்த ஒடியா அம்மாவுக்கு. ஒருநாள் மட்டும் அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்; ஞாயிறு போதும். முடிந்தால் தலைமையாசிரியரையும் இழுத்துப் போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009ஐப் பற்றி ஒரு பக்கத் தாள் தருகிறார்கள். டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று பிரிவு எண்ணோடு இருக்கிறது. எங்கள் தலைமையாசிரியர் வரவில்லை. தாளை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.