சேற்றுக்கு அஞ்சாத பெடலும் ஆட்டம் காணும் புஷ்ஷும்

காலணியின் அடியைப் பூட்டிப் பிடிக்கும் என் சைக்கிள் பெடல்களை இரண்டாம் முறையாகப் பிரித்துப் பூட்டி முடித்த அன்றுதான் தங்கை மகன், "மாமா, அதே பெடல் ஒரு ஜோடி நானும் வாங்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தான். விரலிடுக்கில் கிரீஸ் காயாத நேரத்தில் என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

மொரிஷியஸின் கியூர்பிப் மேட்டில் மழை ஓய்ந்திருக்கும் நாள்கள் குறைவு. மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுத் தடங்களிலும், கரும்பு வெட்டிய வயல்களின் வண்டிப் பாதைகளிலும் செம்மண் காலணியின் அடியில் அப்பிக்கொள்ளும். என் பழைய இரும்புப் பெடல்களோடு ஓட்டிய காலத்தில், இறங்கி ஏறும்போதெல்லாம் குச்சி தேடி அந்த மண்ணைக் குத்தியெடுப்பேன். இந்த மெல்லிய பெடலில் மண் தங்கத் தட்டே கிடையாது. அச்சைச் சுற்றி நான்கு கம்பிச் சிறகுகள் மட்டுமே. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டுத் தாவி ஏறினாலும், எந்தப் பக்கம் மிதித்தாலும், கால் உடனே பூட்டிக்கொள்கிறது. நான்கு ஆண்டுகளில் சேற்றினால் அது பூட்டிக்கொள்ளாமல் போனது இரண்டே முறை. ஜோடி 280 கிராம்தான். பழையதைவிட நூறு கிராம் குறைந்ததை ஏற்றத்தில் உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய்.

காலணியின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் பித்தளைத் தகடுகளான கிளீட்டுகள் விரைவில் தேய்வதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மென்மையான பித்தளை தேய்ந்து பெடலின் எஃகைக் காப்பாற்றுகிறது. என் கோபமெல்லாம் பெடல் வழுக்கிச் சுழல அச்சின் உட்பக்கத்தில் செருகியிருக்கும் குழல் போன்ற அந்தச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் புஷ்ஷின் மீதுதான். ஈரமும் மண்ணும் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டால் புஷ் தேய்ந்து பெடல் ஆடத் தொடங்குகிறது. முதலில் அது காலுக்குத் தெரிவதில்லை. மிதிக்கு மிதி ஒரு முனகல் மட்டும் கேட்கும். முதல் முறை அந்த முனகலுக்கு இருக்கையையும் சங்கிலியையும் சந்தேகித்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். மாற்றும் வேலை அரை மணி நேரம்தான், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறக்காவிட்டால். ஆனால் ஒரு பிடி பட்டாணி அளவுள்ள உதிரிப் பாகங்களுக்குக் கடல் கடந்து வரும் பொட்டலத்தை எதிர்பார்த்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வாங்க வேண்டாம் என்றே மருமகனுக்குப் பதில் எழுதிவிட்டேன். பரணில் கிடக்கும் இரும்புப் பெடல்களை அவனே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு மட்டும் இன்னும் இரண்டு செட் புஷ் வரவழைத்திருக்கிறேன்.