காட்டுப் பாதைக்கு ஒரு வாடகை ஜீப்

வட இலங்கையின் வன்னியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வழிக்குக் கச்சானும் வாங்கிக்கொண்ட பின், மாங்குளத்தில் சாரதியுடன் வாடகைக்கு எடுத்த பழைய ஜீப்பில், ஒட்டுசுட்டான் வழியாக முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய காட்டுப் பாதைகளில் ஒரு பகல் முழுவதும் பயணித்தோம். நக்கிள்ஸ் மலையின் மேகக்காட்டை எண்ணி வருபவர்கள் ஏமாறுவார்கள். இது பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கும் வறண்ட காடு.

சேவையின் பெரும்பலம் சாரதிதான். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, ரயர்களின் காற்றழுத்தத்தை 35 இறாத்தலிலிருந்து (psi) 20 வரை குறைத்தார். காற்றுக் குறைந்தால் ரயர் தட்டையாகி நிலத்தை அகலமாகப் பற்றும் என்பதால், ஆற்றுமணலில் நாம் ஓரிடத்திலும் புதையவில்லை. கண்ணிவெடி அபாயத்தை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகையைக் கண்ட இடத்தில், படம் எடுக்க இறங்க முயன்ற என் மைத்துனரை அவர் கண்டிப்பாகத் தடுத்ததையும், யானை நடமாட்டத்தைக் கருதிப் பொழுது சாயுமுன் வெளியேறியதையும் பாராட்டியே ஆகவேண்டும்.

குறையும் உண்டு. வண்டியில் காற்றடிக்கும் கருவி இல்லாததால், தார்வீதிக்கு ஏறிய பின்னும் ரயர் கடை வரும்வரை மெலிந்த ரயர்களுடன் ஊர்ந்தே வந்தோம். எரிபொருள் வாடகைக்குப் புறம்பானது என்பதையும் முடிவில்தான் சொன்னார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாரியில் செம்மண் சேறாகிவிடும் என்பதால், பாலைப்பழம் பழுக்கும் வைகாசி, ஆனி மாதங்களே பொருத்தமானவை. ஆனால் அப்பழத்துக்குக் கரடியும் வரும்.