அம்மாவின் சுகரும் வீடு தேடி வரும் பெண்ணும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். லண்டனிலிருந்து இம்முறை போனபோது நான் கவனித்துப் பார்த்தது அம்மாவின் சுகர் வைத்தியத்தைத்தான்.

டவுனில் அம்மா வழக்கமாகப் பார்க்கும் தனியார் மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், "சர்க்கரை ஏறியிருக்கு" என்றார், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அவ்வளவுதான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்கவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை.

சுகர் மாதிரி நோய் உள்ளவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. எங்கள் ஊரில் அதில் வேலை செய்யும் தன்னார்வலர் பெண் அடுத்த தெருக்காரர். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, விரலில் குத்தி சுகர் பார்த்தார். அப்புறம் மாத்திரை டப்பாவை வாங்கி, அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"என்ன பெரியம்மா, இவ்வளவு மிச்சம் இருக்கே?"

"அதைப் போட்டா வயித்தைக் கலக்குதுடி. கல்யாணம், கோயில்னு பஸ் ஏறுற நாள்ல போடறதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போடாத மாத்திரைக்குத்தான் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார்! மெட்ஃபார்மின் பலருக்கும் வயிற்றைப் படுத்தும். சாப்பாட்டோடு போட்டால் அந்தத் தொல்லை குறையும். அதை அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. பேன்ட் சட்டை போட்ட பெரிய டாக்டரிடம் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். இந்தப் பெண்ணிடம் அது இல்லை.

அவர் தானாக மருந்தை மாற்றவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த டாக்டரம்மா அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

குறையும் உண்டு. லண்டனில் என் கணவருக்கு வருடாந்தர சுகர் பரிசோதனையில் நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார். சுகர் கண்ணைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் படமும் எடுப்பார்கள். ஊரில் இத்தனை வருடத்தில் அம்மாவின் பாதத்தை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. கண் பரிசோதனை என்றால் கண்ணாடிக்கு பவர் பார்ப்பது என்றே அம்மா நினைத்திருந்தார். சுகரால் பாதம் மரத்துப்போனால் காயம் பட்டதுகூடத் தெரியாது. வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு இது முக்கியம் இல்லையா? அந்தப் பெண்ணிடம் இதைப் பேசினேன். சுகாதார நிலையத்தில் கேட்டு, கண் பார்க்கத் தேதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணி கூட்டிப் போகிறார்.